நுரையீரல் ரத்தக்குழாய் நோயில் மைக்ரோஆர்என்ஏ: புதிதாக நுழைகிறவர்கள் எங்கிருந்து தொடங்கலாம்?

எம்.எஸ்சி., பி.டெக். கடைசி ஆண்டில் "பல்மனரி ஹைப்பர்டென்ஷனில் மைக்ரோஆர்என்ஏ" (நுரையீரல் தமனி அழுத்த நோயில், மரபணுக்களின் அளவை ஏற்றி இறக்கும் குட்டி ஆர்என்ஏக்கள்) என்று ஒரு ப்ராஜெக்ட் தலைப்பு கையில் வந்து விழுந்தவர்களுக்கும், எம்.டி. ஆய்வேட்டுக்கு இதை எடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். தேட உட்கார்ந்தால் முதல் நாளே ரிவ்யூ கட்டுரைகள் வந்து கொட்டும். ஒவ்வொன்றிலும் நடுவில் ஒரு ரத்தக்குழாய்ப் படம் இருக்கும், அதைச் சுற்றி மேலே போகும் அம்பும் கீழே இறங்கும் அம்புமாக முப்பது நாற்பது மிர் எண்கள் இருக்கும் (மிர் என்பது மைக்ரோஆர்என்ஏவின் சுருக்கம்). அந்தப் படத்தை மனப்பாடம் செய்யத் தொடங்கினால் தொலைந்தீர்கள். மிர்-21 ஒரு படத்தில் மேலே போயிருக்கும், அடுத்த படத்தில் கீழே இறங்கியிருக்கும், இரண்டுமே நல்ல இதழில் வந்த ஒழுங்கான தரவாகவும் இருக்கும். அம்பைப் பார்ப்பதற்கு முன்னால் எந்த நோய், எந்தச் செல், எந்த விலங்கு, நோயின் எந்தக் கட்டம் என்று கேட்கப் பழகுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு தானாக வரும்.

முதலில் நோயைச் சரியாகப் பிடியுங்கள்

மைக்ரோஆர்என்ஏவை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். பல்மனரி ஹைப்பர்டென்ஷன் என்றால் நுரையீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியில் பிரஷர் கூடிப்போவது. கையில் பட்டை கட்டிப் பார்க்கிற பிரஷருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஓய்வாக இருக்கும் ஆரோக்கியமான ஆளுக்கு இந்தத் தமனியின் சராசரி அழுத்தம் 14 மி.மீ. பாதரசத்தை ஒட்டித்தான் இருக்கும். வலது இதயத்துக்குள் கத்தீட்டர் விட்டு அளந்துதான் நோயை உறுதி செய்கிறார்கள், எக்கோ ஒரு சந்தேகத்தைக் கிளப்பும், அவ்வளவுதான்.

எல்லைக்கோடு எது என்பதில்தான் புதியவர்கள் தடுக்கி விழுவார்கள். 1960களில் சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா, ஜெர்மனியில் அமினோரெக்ஸ் என்ற பசியடக்கும் மாத்திரை சாப்பிட்டவர்களிடம் இந்த நோய் திடீரென்று பெருகியது. அதையொட்டி 1973இல் ஜெனீவாவில் உலக சுகாதார நிறுவனம் கூட்டிய கூட்டத்தில் 25 என்ற எண் வந்தது. நாற்பத்தைந்து ஆண்டு அதுதான் ஓடியது. 2018இல் நடந்த உலகக் கருத்தரங்கு அதை 20க்கு மேல் என்று இறக்கியது, 2022 ஐரோப்பிய வழிகாட்டுதல், தமனிகளே கெட்டுப்போய் வரும் வகைக்கு நுரையீரல் ரத்தக்குழாய்த் தடை (ரத்த ஓட்டத்துக்கு எதிரான தடை, வுட் அலகில் அளப்பது) 2 வுட் அலகுக்கு மேல் இருக்க வேண்டும் என்று வைத்தது. ஆக, 2015இல் வந்த பேப்பரின் "நோயாளி"யும் 2023இல் வந்த பேப்பரின் "நோயாளி"யும் ஒரே ஆள் இல்லை. பழைய பேப்பரில் "நோயில்லாதவர்" பட்டியலில் நின்றவர் இன்றைய கணக்கில் நோயாளியாக இருக்கலாம்.

அப்புறம் ஐந்து பிரிவுகள். முதல் பிரிவு பிஏஎச், அதாவது நுரையீரலின் சின்னத் தமனிகளே கெட்டுப்போவது. இரண்டாவது இடது இதயக் கோளாறால் வருவது. மூன்றாவது சிஓபிடி (நாள்பட்ட மூச்சடைப்பு நோய்) போன்ற நுரையீரல் நோயாலோ ஆக்சிஜன் குறைவாலோ வருவது. நான்காவது ரத்தக்கட்டி கரையாமல் தங்கிப்போய் வருவது. ஐந்தாவது, எதிலும் அடங்காதது. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் இரண்டாம், மூன்றாம் பிரிவுக்காரர்கள்தான் மிக அதிகம், மைக்ரோஆர்என்ஏ ஆய்வுகளில் பெரும்பங்கு முதல் பிரிவில்தான் நடக்கிறது. உங்கள் கைடு எந்தப் பிரிவு நோயாளிகளின் மாதிரியைத் தரப்போகிறார் என்று முதல் வாரமே கேட்டுவிடுங்கள். எல்லாப் பிரிவையும் ஒரே மூட்டையாகக் கட்டி "நோயாளிகள் எதிர் நோயில்லாதவர்கள்" என்று ஒப்பிடும் ப்ராஜெக்ட்டைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

குழாய்ச் சுவரில் யார் யார் இருக்கிறார்கள்?

சுவர் மூன்று அடுக்கு. உள்ளே ரத்தத்தைத் தொட்டுக்கொண்டு எண்டோதீலியல் செல்கள், நடுவில் மென்தசைச் செல்கள், வெளியே ஃபைப்ரோபிளாஸ்ட்கள். பிஏஎச்சில் மூன்றும் கெடுகின்றன. மென்தசைச் செல்கள் சாக மறுத்துப் பெருகுகின்றன, எண்டோதீலியல் செல்கள் சில இடங்களில் குழாய்க்குள்ளேயே கொத்துக்கொத்தாக வளர்கின்றன, ஃபைப்ரோபிளாஸ்ட்கள் கொலாஜனைக் கொட்டிச் சுவரை விறைப்பாக்குகின்றன. குழாயின் உள்விட்டம் குறைகிறது. அதற்குள் ரத்தத்தைத் தள்ளித் தள்ளி, அழுத்தம் தாங்கிப் பழக்கமில்லாத வலது வென்ட்ரிக்கிள் களைத்துப்போகிறது. நோயாளியைக் கடைசியில் கொல்வது பெரும்பாலும் வலது இதயம் செயலிழப்பதுதான்.

பிஎம்பிஆர்2 என்ற மரபணுவின் பெயரை இந்தக் கட்டத்தில் தெரிந்துகொள்ளுங்கள். 2000ஆம் ஆண்டில் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இதைக் கண்டுபிடித்தன. குடும்ப வழியாக வரும் பிஏஎச்சில் சுமார் 70 முதல் 80 சதவீதத்தினரிடம் இதில் பிழை இருக்கிறது. ஆனால் பிழையைச் சுமப்பவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. அப்படியானால் வேறு ஏதோ ஒன்றும் சேர்ந்து கெட வேண்டும். மரபணுவின் எழுத்தை மாற்றாமல் அதன் அளவை மட்டும் ஏற்றி இறக்குகிற ஒரு ஆசாமியைத் தேடிப் போனதில்தான் மைக்ரோஆர்என்ஏ இந்தக் கதைக்குள் வந்தது.

மைக்ரோஆர்என்ஏ, தேவையான அளவுக்கு மட்டும்

1993இல் விக்டர் அம்ப்ரோஸ் ஆய்வகமும் கேரி ரவ்குன் ஆய்வகமும் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழுவில் லின்-4 என்ற துக்கடா ஆர்என்ஏவைக் கண்டார்கள். அது புரதம் எதையும் செய்யாது, லின்-14 என்ற இன்னொரு மரபணுவின் தூது ஆர்என்ஏமேல் ஒட்டிக்கொண்டு அதை அடக்கும். புழுவின் விசித்திரம் என்றே பலரும் விட்டுவிட்டார்கள். 2000இல் லெட்-7 வந்து, அது மனிதன் வரைக்கும் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் எல்லோரும் ஓடி வந்தார்கள். 2024இல் இருவருக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது.

பிறக்கும் வழி இதுதான்: உட்கருவில் நீளமான முதல்நிலை ஆர்என்ஏ உருவாகும், ட்ரோஷா என்ற நொதி அதைச் சுமார் 70 எழுத்துள்ள கொண்டையூசி வடிவத் துண்டாக வெட்டும், எக்ஸ்போர்ட்டின்-5 அதை வெளியே கொண்டுவரும், டைசர் மறுபடி வெட்டி ஏறத்தாழ 22 எழுத்தாக்கும், அதில் ஓர் இழை ஆர்கோநாட் புரதத்தில் ஏறி உட்காரும். அந்த இழையின் இரண்டாம் எழுத்திலிருந்து எட்டாம் எழுத்து வரை உள்ள பகுதிக்கு விதைப்பகுதி என்று பெயர். தூது ஆர்என்ஏவின் வால்பகுதியில் இதற்குப் பொருந்தும் எழுத்துகள் எங்கே இருக்கின்றனவோ அங்கே போய் ஒட்டும். ஏழு எழுத்துதானே, அதனால் ஒரே மிர் நூற்றுக்கணக்கான மரபணுக்களில் ஒட்ட முடியும். ஒரு மரபணுவின் வாலில் பல மிர்களும் ஒட்ட முடியும்.

எந்த மரபணுவையும் இது சுவிட்ச் போட்டதுபோல அணைத்துவிடாது. ஃபேன் ரெகுலேட்டரை ஒரு புள்ளி குறைப்பது மாதிரிதான், பெரும்பாலும் புரதம் கொஞ்சம் குறையும். ஒரு பாதையில் இருக்கும் நாலைந்து மரபணுக்களை ஒரே நேரத்தில் கொஞ்சம் கொஞ்சம் குறைப்பதில்தான் அதன் பலம் இருக்கிறது. "மிர்-எக்ஸ் ஒரே ஒரு இலக்கை அடக்கி நோயை உண்டாக்குகிறது" என்று சுருக்கமாகச் சொல்லும் பேப்பரைப் பார்த்தால் ஒரு புருவத்தை உயர்த்திக்கொள்ளுங்கள்.

பெயர் விஷயத்தில் இரண்டு தகவல். மிர்-21-5பி, மிர்-21-3பி இரண்டும் வேறு வேறு இழைகள், விதைப்பகுதி வேறு, இலக்கும் வேறு. பழைய பேப்பர்கள் வெறும் மிர்-21 என்று எழுதியிருக்கும், அது பெரும்பாலும் 5பிதான், இருந்தாலும் ப்ரைமர் வாங்குமுன் மிர்பேஸ் தளத்தில் எழுத்து வரிசையை ஒத்துப் பாருங்கள். அடுத்து, விலங்கு மாறினால் பெயரும் மாறும். எலியில் மிர்-322 என்று எழுதியிருப்பதுதான் மனிதனில் மிர்-424. இது தெரியாமல் "எலியில் மிர்-424 பற்றி யாரும் ஆராயவில்லை, ஆகவே நான் ஆராய்கிறேன்" என்று புரபோசல் எழுதினால் தேர்வாளர் சிரிப்பார்.

ஒரே ஒரு சுழற்சியை முழுசாகப் படியுங்கள்

நாற்பது மிர்களை மேலோட்டமாகப் படிப்பதைவிட மிர்-204ஐ மட்டும் எடுத்து அடிவரை போங்கள். கனடாவின் கியூபெக் நகர லவால் பல்கலைக்கழகத்தில் செபாஸ்டியன் பொன்னே குழு 2011இல் வெளியிட்ட வேலை அது.

பிஏஎச் நோயாளிகளின் நுரையீரல் தமனி மென்தசைச் செல்களில் மிர்-204 குறைந்திருந்தது. சாதாரணமாக அது ஷிப்2 (SHP2) என்ற நொதியை அடக்கி வைக்கும். மிர்-204 குறைந்தால் ஷிப்2 கூடும், ஷிப்2 கூடினால் சார்க் (Src) என்ற கைனேஸ், அதாவது பிற புரதங்களை முடுக்கிவிடும் நொதி, முடுக்கப்படும், சார்க் ஸ்டாட்3 என்ற மரபணு இயக்கும் புரதத்தைத் தட்டி எழுப்பும், ஸ்டாட்3 என்எஃப்ஏடி என்ற இன்னொரு அத்தகைய புரதத்தின் வழியாகச் செல்லைப் பெருகச் சொல்லும், சாகவும் விடாது. இதோடு நிற்காமல் அந்த ஸ்டாட்3 திரும்பிப் போய் மிர்-204 உருவாவதையே அமுக்கும். மிர்-204 இருப்பது டிஆர்பிஎம்3 என்ற மரபணுவின் இன்ட்ரானுக்குள் (புரதமாக மாறாத இடைப்பகுதிக்குள்), அந்த மரபணு படிக்கப்படுவது குறைந்தால் இதுவும் குறையும். ஆக, ஒரு தடவை ஸ்டாட்3 விழித்துவிட்டால் வட்டம் தன்னைத்தானே ஓட்டிக்கொள்ளும். முதலில் தூண்டியது எதுவோ அது போன பிறகும் செல் ஏன் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை என்பதற்கு இது ஒரு நல்ல விளக்கம். நோயுள்ள எலிகளின் மூச்சுக்குழாய் வழியாகச் செயற்கை மிர்-204ஐத் தூவியபோது அழுத்தமும் சுவர்த் தடிப்பும் குறைந்ததையும் அதே வேலையில் காட்டினார்கள்.

இதை ஒரு வெள்ளைத்தாளில் நீங்களே வரைந்து பாருங்கள். வரைந்த பிறகு பக்கத்திலேயே இன்னொன்றையும் சேருங்கள்: 2009இல் வந்த ஒரு வேலை, அழற்சியில் சுரக்கும் ஐஎல்-6 என்ற சைகைப் புரதம் ஸ்டாட்3ஐ எழுப்பி, அது மிர்-17/92 கொத்தைக் கூட்டி, அந்தக் கொத்து பிஎம்பிஆர்2 புரதத்தைக் குறைக்கிறது என்று காட்டியது. அதே ஸ்டாட்3தான்! ஒரு பக்கம் மிர்-204ஐ இறக்குகிறது, இன்னொரு பக்கம் மிர்-17/92ஐ ஏற்றுகிறது. மரபணுவில் பிழையே இல்லாத ஆளுக்கும் பிஎம்பிஆர்2 எப்படிக் குறையலாம் என்பதற்கு இப்போது ஒரு வழி தெரிகிறது. இப்படி ஒரு முடிச்சிலிருந்து அடுத்த முடிச்சுக்குப் போனால் ரிவ்யூ படங்கள் தானாகப் புரியத் தொடங்கும். மூன்றாவதாகச் சேர்க்க விரும்பினால் மிர்-130/301 குடும்பத்தை எடுங்கள். அது பிபிஏஆர் காமா என்ற மரபணு இயக்கும் புரதத்தை அடக்கி அதன் கீழே மிர்-204, மிர்-424/503 இரண்டின் பாதைகளையும் ஆட்டிவைக்கிறது என்று ஸ்டீஃபன் சான் குழு 2014இல் காட்டியிருக்கிறது. ஆனால் இது முதல் மாதப் பாடம் இல்லை.

மிர்-21 என்ற தகராறு

இந்தப் படிக்கு நிறைய நேரம் கொடுங்கள். ஒரு மாலை முழுக்க உட்கார்ந்தாலும் பரவாயில்லை.

2008இல் ஒரு வேலை: மென்தசைச் செல்லுக்கு பிஎம்பி அல்லது டிஜிஎஃப் பீட்டா என்ற வளர்ச்சிச் சைகைப் புரதங்களைக் கொடுத்தால், அந்தச் சைகையைச் செல்லுக்குள் கடத்தும் ஸ்மாட் புரதங்கள் ட்ரோஷாவோடு சேர்ந்து மிர்-21ஐ வேகமாக வெட்டித் தயாரிக்கின்றன. அது பிடிசிடி4 என்ற புரதத்தைக் குறைத்து, செல்லைச் சுருங்கும் தன்மையுள்ள அமைதியான மென்தசைச் செல்லாக வைக்கிறது. இதை மட்டும் படித்தால் மிர்-21 நல்லவன்.

2010இல் கிளாஸ்கோவிலிருந்து ஒரு வேலை: மோனோக்ரோட்டலின் என்ற நச்சை ஊசி போட்ட எலிகளின் நுரையீரலில் மிர்-21 குறைந்தது. ஆக்சிஜன் குறைவில் வைத்த எலிகளிலோ குறையவில்லை. காரணம் தெரியாத பிஏஎச் உள்ளவர்களின் நுரையீரல் திசுவிலும் சீரத்திலும் குறைந்திருந்தது.

2012இல் வேறொரு குழு: ஆக்சிஜன் குறைவில் வைத்த சுண்டெலிகளின் சின்னத் தமனிகளில் மிர்-21 கூடியது, அதைத் தடுத்தால் நோய் மட்டுப்பட்டது. இப்போது அவன் கெட்டவன்.

அதே 2012இல் சான் குழு: நோயுள்ள திசுவில் மிர்-21 கூடியிருக்கிறது, ஆனால் மிர்-21 இல்லாமலே பிறந்த சுண்டெலிகளுக்கு நோய் இன்னும் மோசமாக வந்தது. அதாவது, அது கூடியது நோயை உண்டாக்க அல்ல, நோயைப் பிடித்து நிறுத்த.

யாரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் முழு நுரையீரலை அரைத்து அளந்தார், ஒருவர் சின்னத் தமனியை மட்டும் பார்த்தார். ஒருவருடைய நோய் நச்சுப்பொருளால் வந்தது, இன்னொருவருடையது ஆக்சிஜன் குறைவால். ஒருவர் வளர்ந்த விலங்கில் மருந்து கொடுத்துக் கொஞ்ச நாள் தடுத்தார், ஒருவர் பிறப்பிலிருந்தே மரபணுவை எடுத்துவிட்டார். என் அபிப்பிராயத்தில் இந்தத் துறையில் ஒருவர் தேறிவிட்டாரா என்று பார்க்க இந்த நாலு பேப்பரையும் கொடுத்து "மிர்-21ஐ கூட்டணுமா குறைக்கணுமா?" என்று கேட்டாலே போதும். ஒற்றை வார்த்தையில் பதில் சொல்பவர் இன்னும் தேறவில்லை.

இந்த நாலையும் வைத்து ஒரு அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள்: எந்த உயிரி, நோயை எப்படி உண்டாக்கினார்கள், எந்தத் திசு அல்லது செல், எந்த வாரத்தில் அளந்தார்கள், கூடியதா குறைந்ததா, மாற்றிப் பார்த்தார்களா, மாற்றியபோது நோய் என்ன ஆனது. கடைசி இரண்டு கட்டம் காலியாக இருக்கும் பேப்பர்கள் தொடர்பை மட்டும் சொல்கின்றன, காரணத்தைச் சொல்லவில்லை. இதே அட்டவணையில் மிர்-145ஐப் போட்டுப் பாருங்கள், கட்டங்கள் அழகாக நிரம்பும்: நோயாளிகளின் நுரையீரலில் கூடியிருக்கிறது, அதை நீக்கிய சுண்டெலிக்கும் தடுப்பான் கொடுத்த சுண்டெலிக்கும் ஆக்சிஜன் குறைவால் வரும் நோய் அவ்வளவாக வரவில்லை. மிர்-424ஐப் போட்டால் மறுபடி சிக்கல். நோயாளிகளின் எண்டோதீலியல் செல்லில் அது குறைவு, ஆனால் எலியின் முழு நுரையீரலில் மிர்-322 என்ற பெயரில் அதுவே கூடியிருக்கிறது. அரைத்த நுரையீரலில் எல்லாச் செல்லும் கலந்திருக்கும், எந்தச் செல் கத்துகிறது என்று அதில் தெரியாது.

எலிக்கு வந்தது என்ன நோய்?

விலங்கில் நோயை உண்டாக்கும் முறைகளுக்கு மாடல் என்று பெயர். அவற்றில் மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று மோனோக்ரோட்டலின். நம் ஊரில் வேலியோரம் முளைக்கும் கிலுகிலுப்பை, பசுந்தாள் உரத்துக்கு விதைக்கும் சணப்பு எல்லாம் க்ரோட்டலேரியா இனம், அந்த இனத்துச் செடியிலிருந்து எடுத்த நச்சு இது. எலிக்கு ஒரு கிலோ எடைக்கு 60 மில்லிகிராம் வீதம் ஒரே ஊசி, மூன்று நாலு வாரத்தில் அழுத்தம் ஏறிவிடும். எலியின் கல்லீரல்தான் இதை வீரியமான நச்சாக மாற்றுகிறது, சுண்டெலியின் கல்லீரல் அதைச் சரியாகச் செய்யாது, அதனால் சுண்டெலியில் இந்த மாடல் நம்பகமில்லை. சுலபம், மலிவு, அதனால் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். இந்த எலியைக் குணப்படுத்திய மருந்துகள் ஏராளம், மனிதனிடம் வந்து நின்றவை கொஞ்சம்.

இரண்டாவது 10 சதவீத ஆக்சிஜனில் மூன்று நாலு வாரம் வைப்பது. மென்தசை தடிக்கும், ஆனால் காற்றை மாற்றினால் பெரும்பாலும் திரும்பிவிடும், நோயாளியிடம் பார்க்கும் கொத்து வளர்ச்சி வராது. மூன்றாவது சுஜென் மாடல். ரத்தக்குழாய் வளர்ச்சிக்கான விஇஜிஎஃப் ஏற்பியைத் தடுக்கும் எஸ்யு5416 ஊசியோடு மூன்று வாரம் ஆக்சிஜன் குறைவு, பிறகு சாதாரணக் காற்று. எலியில் இது காற்றை மாற்றிய பிறகும் முற்றிக்கொண்டே போகும், மனித நோய்க்குக் கொஞ்சம் கிட்டே வருகிறது.

மருந்தை எப்போது கொடுத்தார்கள் என்பதையும் பாருங்கள். முதல் நாளே கொடுத்தால் அது தடுப்பு. நோய் முற்றிய பிறகு கொடுத்துக் குறைத்தால்தான் சிகிச்சை. நம்மிடம் வருகிற நோயாளி மூச்சிரைக்க ஆரம்பித்துப் பல மாதம் ஆஸ்துமா, ரத்தசோகை என்று அலைந்துவிட்டுத்தான் வருகிறார்.

ரத்தத்தில் அளக்கப் போகிறீர்களா? இதை நிதானமாகப் படியுங்கள்

மாணவர் ப்ராஜெக்ட்களில் பெரும்பாலானவை இங்கேதான் வந்து நிற்கும், ஏனென்றால் நுரையீரல் திசு கிடைக்காது, ரத்தம் கிடைக்கும். பிளாஸ்மாவில் மிர்-150 குறைந்திருந்தவர்களின் ஆயுள் குறைவாக இருந்தது என்று 2013இல் ஒரு வேலை வந்தது, மிர்-140-5பி நோயாளிகளின் ரத்தத்தில் குறைவு என்று 2016இல் ஒன்று. ஆசை வரும்தான். ஆனால் ரத்தத்தில் வரும் தப்புகளில் பாதி டியூபிலேயே நடந்துவிடுகிறது.

ஈடிடிஏ டியூபில் எடுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் வேண்டாம், அது பிசிஆர் (ஆர்என்ஏவைப் பெருக்கி அளக்கும் முறை) நொதியைத் தடுக்கும். இதில் ஒரு மறைமுகச் சிக்கலும் இருக்கிறது: கேத் லேபில் (கத்தீட்டர் போடும் அறையில்) குழாயை ஹெப்பாரின் கலந்த உப்புநீரால் கழுவுவதுண்டு. நோயாளியின் மாதிரியை அந்தக் குழாய் வழியாக எடுத்து, கன்ட்ரோல் ஆளின் மாதிரியை வார்டில் கையிலிருந்து எடுத்தால், நோயாளியிடம் எல்லா மிர்களும் "குறைந்து" தெரியும். டெக்னீஷியனிடம் முன்கூட்டியே பேசி, ஹெப்பாரின் போடுமுன் எடுக்க ஏற்பாடு செய்யுங்கள். முடியாவிட்டால் ஹெப்பாரினேஸ் நொதி சேர்த்து மீட்கலாம், அது இரண்டாம்பட்சம்.

அடுத்தது சிவப்பணு உடைவது. மெல்லிய ஊசியில் சிரிஞ்சை வேகமாக இழுத்தாலோ, டியூபைக் குலுக்கினாலோ, மதியம் வரை மேஜையில் விட்டாலோ சிவப்பணு உடையும். சுழற்றி எடுத்த பிளாஸ்மாவை வெள்ளைத்தாள் பின்னால் பிடித்துப் பாருங்கள். இளமஞ்சளாக இருந்தால் நல்லது. ரோஸ் நிறம் தட்டினால் சந்தேகம். ஆனால் கண்ணை நம்பி மட்டும் விடாதீர்கள், நிறம் தெரியாத அளவு உடைந்திருந்தாலே போதும், கணக்கு கெட்டுவிடும். 414 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலைப் பாருங்கள், 0.2க்கு மேல் போனால் பெரும்பாலும் ஒதுக்கிவிடுவார்கள். பிசிஆரிலும் ஒரு சோதனை இருக்கிறது. மிர்-451ஏ சிவப்பணுவில் மலைபோலக் கிடக்கும், மிர்-23ஏ-3பி சிவப்பணு உடைந்தாலும் பெரிதாக மாறாது. பிசிஆரில் எத்தனையாவது சுற்றில் சைகை தெரிகிறது என்பதுதான் சிடி எண், அது சின்னதாக இருந்தால் அளவு அதிகம். மிர்-23ஏயின் சிடி எண்ணிலிருந்து மிர்-451இன் சிடி எண்ணைக் கழியுங்கள். 5க்குள் இருந்தால் நிம்மதி, 7க்கு மேல் போனால் அந்த மாதிரியை நம்பாதீர்கள். மிர்-16ஐ உள்கன்ட்ரோலாக (மற்றவற்றை ஒப்பிட்டுக் கணக்கிடும் நிலையான அளவாக) வைத்துப் பழைய பேப்பர்கள் நிறைய வந்தன, அதுவும் சிவப்பணுவில் நிறைந்து கிடப்பதுதான், ஆகவே அந்த முடிவுகளைக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள்.

தட்டணுவும் தொல்லைதான். ஒரு தடவை சுழற்றினால் தட்டணு மிஞ்சும், பிளாஸ்மாவை வேறு டியூபுக்கு மாற்றி இன்னொரு தடவை அதிக வேகத்தில் சுழற்றிவிட்டுத்தான் மைனஸ் 80இல் வையுங்கள். அடியில் உள்ளதைக் கடைசிச் சொட்டு வரை உறிஞ்ச வேண்டாம், கொஞ்சம் விட்டுவிடுங்கள். ஆர்என்ஏ பிரிக்கும்போது புழுவின் மிர்-39ஐத் தெரிந்த அளவில் சேர்த்தால், பிரித்தெடுப்பதில் எவ்வளவு போனது என்று தெரியும். செல்லுக்குப் பயன்படுத்தும் யு6 என்ற சிறு ஆர்என்ஏவை பிளாஸ்மாவுக்கு உள்கன்ட்ரோலாக வைக்காதீர்கள், அங்கே அது நிலையாக இருப்பதில்லை. ஒரு சிடி எண் வித்தியாசம் என்றால் இரண்டு மடங்கு என்பதை மறக்க வேண்டாம்: அரைமணி அலட்சியம் காட்டும் வித்தியாசமும் நோய் காட்டும் வித்தியாசமும் பல சமயம் ஒரே அளவில்தான் இருக்கும். ஆகவே ஊசி குத்திய நேரம், சுழற்றிய நேரம், ஃப்ரீசரில் வைத்த நேரம் மூன்றையும் ஒவ்வொரு டியூபுக்கும் நோட்டில் எழுதுங்கள்.

இலக்கை நிரூபிப்பது

இது சுருக்கம். மிர்களின் இலக்கைக் கணிக்கும் டார்கெட்ஸ்கேன் தளம் ஒரு இலக்கைக் காட்டினால் அது ஊகம். அந்த வாலை ஒளி உண்டாக்கும் லூசிஃபெரேஸ் மரபணுவோடு ஒட்டி, மிர் சேர்த்தால் ஒளி குறைகிறதா என்று பாருங்கள், விதைப்பகுதிக்கு எதிரே உள்ள எழுத்துகளை மாற்றிவிட்டால் குறையாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டாவதைச் செய்யாவிட்டால் முதலாவதற்கு மதிப்பில்லை. பிறகு புரத அளவை வெஸ்டர்னில் (புரதத்தை அளக்கும் சோதனையில்) பாருங்கள், மிமிக் (மிர்ரின் செயற்கை நகல்), தடுப்பான் இரண்டும் கொடுத்து இரண்டு திசையிலும் மாறுகிறதா என்று பாருங்கள். மிமிக்கை அளவுக்கு மீறிக் கொட்டினால் செல்லில் எதுவும் எதையும் அடக்கும், அதையும் நினைவில் வையுங்கள்.

கையில் மாதிரி வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். மரபணுத் தரவுகளைச் சேர்த்து வைக்கும் ஜியோ தளத்தில் பிஏஎச் நுரையீரல் தரவுத்தொகுப்புகள் இலவசமாகக் கிடக்கின்றன. ஒன்றை இறக்கி, நீங்கள் எடுத்த ஒரே மிர் அதில் எந்தப் பக்கம் போகிறது, அதன் இலக்குகள் எதிர்ப்பக்கம் போகின்றனவா என்று பாருங்கள். லேப்டாப்பும் ஆர் மென்பொருளும் போதும்.

மருந்தாக வருமா?

குறைந்துபோன மிர்ரைத் திருப்பித் தர மிமிக், கூடிப்போனதை அடக்க ஆன்டிமிர், இரண்டு வழி. ஹெபடைடிஸ் சி வைரஸுக்கு மிர்-122ஐத் தடுக்கும் மிராவிர்சென் மனிதர்களிடம் வைரஸைக் குறைத்ததாக 2013இல் முடிவு வந்தது. புற்றுநோய்க்கு மிர்-34ஏ மிமிக்கைக் கொடுத்த சோதனை, கடுமையான நோயெதிர்ப்பு விளைவுகளால் 2016இல் நிறுத்தப்பட்டது. நுரையீரல் ரத்தக்குழாய் நோய்க்கு இதுவரை எந்த மைக்ரோஆர்என்ஏ மருந்துக்கும் அனுமதி கிடைக்கவில்லை.

ஊசியில் போட்டால் இந்த மூலக்கூறுகளில் பெரும்பகுதி கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் போய்விடும். மூச்சு வழியாகக் கொடுத்தால் நுரையீரலுக்கு நேராகப் போகும், எலிகளில் மிர்-204ம் மிர்-140ம் அப்படித்தான் கொடுக்கப்பட்டன. ஆனால் இன்னொரு கவலை இருக்கிறது, வலது இதயம். களைத்துப்போன வலது வென்ட்ரிக்கிளில் மிர்-126 குறைந்து, நுண்குழாய்கள் அருகிப்போவதை அதே லவால் குழு 2015இல் காட்டியது. நுரையீரலில் செல் பெருகாமல் அடக்க வேண்டும், இதயத்தில் புதுக்குழாய் முளைக்க வேண்டும். ஒரு மிர்ரைத் தொட்டால் இரண்டு இடமும் ஆடும். எந்தச் சிகிச்சைப் பேப்பரை எடுத்தாலும் வலது இதயத்தை அளந்தார்களா என்று பாருங்கள், அளக்காமல் சுவர்த் தடிப்பை மட்டும் காட்டியிருந்தால் பாதிக் கதைதான் வந்திருக்கிறது.

இந்தத் தலைப்பில் வேலை செய்கிறீர்கள் என்று தெரிந்தால் சொந்தக்காரர்களில் யாராவது ஒருவர் கேட்பார், "எங்க அக்காவுக்கு இந்த நோய்தானாம், அந்த மைக்ரோ டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா தம்பி?" என்று. வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். நோயை உறுதி செய்யவோ மருந்து தேர்வு செய்யவோ மைக்ரோஆர்என்ஏ பரிசோதனை இன்று எந்த வழிகாட்டுதலிலும் இல்லை. எக்கோ, நுரையீரலில் பழைய ரத்தக்கட்டி இருக்கிறதா என்று பார்க்கும் ஸ்கேன், வலது இதயக் கத்தீட்டர், இவைதான் முடிவு செய்கின்றன. ரத்தக்கட்டியால் வந்திருந்தால் அறுவை சிகிச்சையில் கட்டியை எடுக்கும் வாய்ப்பே இருக்கிறது, ஆகவே அந்த ஸ்கேன் எடுத்தாயிற்றா என்று மட்டும் கேட்டு, எடுக்கவில்லை என்றால் டாக்டரிடம் கேட்கச் சொல்லி அனுப்புங்கள்.